கொல்லைப்புறத்து மல்லாந்த குடை

என் தந்தையார் தம் வாழ்நாளில் ஒரே ஒரு காரியத்தைத்தான் ஊரறியாமல் செய்தார். அஃது எட்டடி அகலமுடையதாயிருந்தது. எட்டடி அகலமுள்ள ஒரு பொருளை நாற்பதடிக் கொல்லையில் மறைத்து வைப்பது எத்துணைக் கடினமென்பதை மறைத்துப் பார்த்தவரே அறிவர். பேராக்கில் ஒரு சிறு டவுனின் ஓரத்தில், ரப்பர்த் தோட்டத்தை அடுத்து எங்கள் வீடு இருந்தது. 1995-ஆம் ஆண்டு அங்கே நடந்ததை இப்பொழுது எழுதுவதால் எவருக்கும் இடையூறு விளையாது என்பதனால் எழுதலானேன்.

தந்தையார் தோட்டத்தில் கிராணியாக முப்பது ஆண்டுகள் ஊழியஞ்செய்து ஓய்வு பெற்றவர். 1954-இல் பெரியார் இரண்டாம் முறையாக மலாயாவுக்கு வந்தபோது அவர் பேச்சைக் கேட்டு, அதன்பின் நெற்றியில் ஒன்றும் இட்டுக்கொள்ளாதவர். புரோகிதரின்றித் திருமணம் செய்துகொண்டார். சீட்டுப் பணமானாலும் சங்கப் பணமானாலும் கணக்கை லயத்துச் சுவரில் எல்லோரும் காண ஒட்டிவைப்பார். “மறைத்துச் செய்வதில் பத்தில் எட்டு செய்யத்தகாதது, மீதி இரண்டு மறைக்க வேண்டாதது” என்பது அவர் எங்களுக்கு அடிக்கடி சொல்லிய வாசகம். இத்தகைய மனிதர் நள்ளிரவில் கைவிளக்கைச் சிவப்புத் துணியால் மூடிக்கொண்டு தம் வீட்டுக் கொல்லையிலேயே திருடனைப்போல் நடமாடினாரென்றால், அதற்கு ஏதேனும் வலிய காரணம் இருந்திருக்க வேண்டுமன்றோ?

காரணம் என் அப்பாயி. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து பதினாறு வயதில், மணமான மறு ஆண்டே, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவள். வந்தபின் ஒருமுறையேனும் திரும்பிச் சென்றவளல்லள். ஐம்பது ஆண்டு பால்மரம் சீவியவள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எண்பதைத் தாண்டிய உடம்பு, எலும்பு கூடவில்லை. முன்னறையில் கட்டிலைப் போட்டு அவளைக் கிடத்தினோம். வானொலியிலே தமிழ் நாள்முழுதும் ஒலித்துக்கொண்டிருந்ததாயினும் அவளுக்குச் செவி மந்தமாகிவிட்டது. கண் மட்டும் கூர்மையாயிருந்தது. தொலைக்காட்சியிலோ தமிழ் வாரத்திற் சில மணி நேரமே. எஞ்சிய வேளையெல்லாம் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயை ஒரு மகன் எத்தனை மாதம் பார்த்துக்கொண்டிருப்பான்?

தமிழ்நாட்டில் 1993-இல் தனியார் தொலைக்காட்சிகள் தொடங்கியிருந்தன. அவை செயற்கைக்கோள் வழியாக ஒலிபரப்பப்படுவதையும், பெரிய தட்டு ஒன்று இருந்தால் இந்நாட்டிலும் அவற்றைப் பிடிக்கலாம் என்பதையும் ஈப்போவிலுள்ள மின்சாதனக் கடைக்காரரான ஒரு சீனத் தவுக்கே தந்தையாருக்குச் சொன்னார். ஆனால் தனிவீட்டார் தட்டு வைத்துக்கொள்வதற்கு அந்நாளில் சட்டத்தில் இடமில்லை. 1988-ஆம் ஆண்டு ஒலிபரப்புச் சட்டம் நடப்பிலிருந்தது. அது 1996-இல் திருத்தப்பட்ட பின்னரே சிறிய தட்டுகளுக்கு வழி பிறந்தது. தந்தையார் முதலில் நேர்வழியையே நாடினார். தாயின் நிலைமையை விவரித்து, மருத்துவர் சான்றையும் இணைத்து, அனுமதி வேண்டி ஓர் அலுவலகத்துக்கு எழுதினார். மறுமொழி வரவில்லை. நேரிற் சென்றார். அங்கிருந்த இளைஞர் ஒருவர், இதற்கென்று ஒரு படிவமே கிடையாதென்றும், படிவமில்லாத ஒன்றுக்கு எவ்வாறு விண்ணப்பிக்கக்கூடுமென்றும் மரியாதையாகவே கேட்டாராம். வீடு திரும்பிய தந்தையார் சட்டையைக் கழற்றாமல் வெகுநேரம் திண்ணையில் அமர்ந்திருந்தார். மறுநாள் ஈப்போவுக்குப் பஸ் ஏறினார்.

இவ்விடத்தில் இந்தத் தட்டின் தன்மையைச் சிறிது சொல்லவேண்டும். நம்மவரிற் பலர் அதிலிருந்து ஏதோ கதிர் புறப்படுவதாகவும், அதனால் பலாமரம் காய்க்காது, கருவுற்றவர்க்கு ஆகாது என்றும் அந்நாளில் அஞ்சினர். தட்டு எதையும் அனுப்புவதில்லை. மழைநீரைப் பிடிக்க வைத்த அண்டாவைப்போல அது மேலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளுகிறது, அவ்வளவே. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால், பூமி தன்னைத்தான் சுற்றும் கால அளவிலேயே அதுவும் சுற்றுவதால், நம் கண்ணுக்கு அசையாமல் நிற்பதுபோலாகும். அங்கிருந்து செய்திகளைப் பரப்பலாம் என்று ஆர்தர் கிளார்க் என்ற ஆங்கிலேயர் 1945-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு சஞ்சிகையில் எழுதினார். எழுதிய இருபது ஆண்டுக்குள் அது கைகூடிவிட்டது. ஈசன் கண் திறந்து பார்க்கிறான் என்று அண்ணாந்து கும்பிட்ட வானத்தில் மனிதன் தன் கையால் ஒரு விளக்கேற்றி வைத்த செய்தியல்லவா இது! தந்தையார் இதனைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

அவ்வளவு தொலைவிலிருந்து வரும் அலை மிக மெலிந்தது. ஆதலால் அதனை அகலமாக விரித்த ஒரு பரப்பில் ஏந்தி, ஒரே புள்ளியிற் குவிக்கவேண்டும். அந்தப் புள்ளியில், மூன்று கால்களின்மேல், ஒரு சிறு வாங்கி இருக்கும். தட்டு முழுத் தகடாக இருக்கவேண்டுமென்பதில்லை, வலையாலும் ஆகலாம். எங்களுக்கு வேண்டியிருந்த அலையின் நீளம் ஏழரை சென்டிமீட்டர். அதில் பத்திலொரு பங்குக்குச் சிறியதாகிய துவாரத்தை அலை துவாரமென்றே உணராது. தகடென்று எண்ணித் திரும்பிவிடும். காற்றும் மழையும் மட்டும் உள்ளே புகுந்து போய்விடும். இந்தியாவில் 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கர் இரவல் தந்த கோளொன்றைக்கொண்டு, சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் காட்டினார்கள். அக்கிராமங்களில் நிறுத்தியவை பத்தடி அகலத்துக் கோழிவலைத் தட்டுகளே. இதைத் தவுக்கேயிடம் தந்தையார் சொன்னபோது அவர் சிரித்து, கறுப்பு வலையாலான எட்டடித் தட்டொன்றை ஆறு இதழ்களாகப் பிரித்துக் கொடுத்தார். லாரியில் உண்மையான கோழிவலைச் சுருள்களுக்கு அடியிலே அவை வந்து சேர்ந்தன.

இனி மறைக்கும் வித்தை. குளிர்நாடுகளில் தட்டு ஏறக்குறையச் சுவர்போல் நிமிர்ந்து அடிவானத்தைப் பார்த்து நிற்கும், மறைப்பது அரிது. நாமோ நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்பவர். கோள்கள் நம் தலைக்குமேலே உயர்ந்து நிற்பதால் நம் தட்டுகள் மல்லாந்த குடைபோற் கிடக்கும். குட்டையான தூணில் வைத்தால் வேலிக்குமேல் தலை தெரியாது. இயற்கையே நமக்கு இந்த ஒரு சலுகையைத் தந்திருக்கிறது.

எனினும் கோளுக்கும் தட்டுக்கும் இடையில் ஓர் இலைகூடக் குறுக்கிடலாகாது. முதலில் வாழைக்கூட்டத்தின் நடுவே வைக்கத்தான் எண்ணினோம். ஈர இலை அலையை விழுங்கிவிடும் என்பது தெரிந்ததும் கைவிட்டோம். தந்தையார் ஒரு மூங்கிலை வேண்டிய சாய்வில் கட்டி, அதன் வழியே கண் வைத்துப் பார்த்து, ஆறடிச் செம்பருத்தி வேலியிலிருந்து தட்டின் விளிம்பு நான்கடி தள்ளியிருந்தாற் போதுமென்று கணக்கிட்டார். அவ்விடம் கொல்லையின் வடகிழக்கு மூலையாய் அமைந்தது. ஈசானிய மூலையில் பாரம் ஏற்றினால் குடும்பத்துக்கு ஆகாதென்று என் தாய்மாமன் எச்சரித்தார். “ஈசானியத்தில்தான் மாப்பிள்ளை மரமில்லை” என்றார் தந்தையார்.

தூணுக்கு இரண்டடி ஆழம் தோண்டிக் காங்கிரீட்டு ஊற்றினோம். தூண் எள்ளளவு சாய்ந்தாலும் பின்னர் எல்லாம் சாயும் என்பதால் தூக்குக்குண்டு கட்டி நான்கு புறமும் பார்த்தார். வலைக்கு மங்கலான பச்சைச் சாயம் பூசினோம். பளபளக்கும் சாயம் கூடாது. அது வெயிலையும் குவித்து வாங்கியைச் சுட்டுவிடும். உலோகத் தூள் கலந்ததும் ஆகாது. கம்பியைக் குழாய்க்குள் செலுத்திச் சாக்கடையோரமாகப் புதைத்தோம். இடிக்குப் பயந்து தூணடியில் ஒரு செப்புக்கோலையும் அடித்திறக்கினோம். பக்கத்தில் துணிக்கொடி கட்டி, என் தாயார் கைலிகளையும் படுக்கைவிரிப்புகளையும் நாள்தோறும் உலர்த்தினாள். துவைக்க ஒன்றுமில்லாத நாளிலும் நனைத்து உலர்த்தினாள்.

வைத்தது எளிது, கோளைத் தேடியதுதான் பாடு. தட்டின் விளிம்பு ஓர் அங்குலம் நகர்ந்தால் பார்வை ஒரு பாகைக்குமேல் நகர்ந்துவிடும். கோள் நிற்கும் உயரத்தில் அந்த ஒரு பாகை அறுநூறு கிலோமீட்டருக்கு அதிகம். பகலில் தேட முடியாது. இரவில் தந்தையார் தட்டண்டை, நான் சன்னலண்டை. திரையில் ஏதேனும் தென்பட்டால் கூவக்கூடாதல்லவா? ஆகவே இருமல் என்று ஏற்பாடு. ஒருமுறை இருமினால் நிறுத்து, இரண்டானால் பின்னே, தொடர்ந்து இருமினால் படம் நன்றாயிருக்கிறது என்று பொருள். மூன்று இரவுகள் எங்கெங்கோ இருந்தெல்லாம் விளங்காத மொழிகளில் பனிமூட்டம்போல் உருவங்கள் வந்து போயின. நான்காம் நாள் விடியற்காலையில் தமிழ் கேட்டது. நான் தொண்டை கிழிய இருமினேன்.

தந்தையார் சேற்றுக்காலுடன் ஓடிவந்து பார்த்தார். திரையிலே ஒரு சோதிடர் அமர்ந்து, அன்று எந்த ராசிக்கு எந்தத் திசைப் பயணம் ஆகாதென்று சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் விஞ்ஞானம் ஏற்றிவைத்த விளக்கின் வெளிச்சத்தில், சட்டத்தையும் மீறி, எங்கள் வீட்டுக்குள் முதலில் அடியெடுத்து வைத்தவர் அவர்தாம். தந்தையாரின் முகத்தை நான் வருணிக்கப்போவதில்லை. அப்பாயி விழித்துக்கொண்டாள். சோதிடர் அவளுக்கு ஒரு பொருட்டன்று. அவருக்குப்பின் பஸ் நிலையமொன்றும் ஈரமான தெருவொன்றும் காட்டப்பட்டன. அவள் கையூன்றித் தலையை உயர்த்தி, “அங்கிட்டு மழையாடா?” என்றாள். தந்தையார் தெருவைப் பார்த்து, “ஆமா ஆத்தா, மழைதான்” என்றார். “பெய்யட்டும்” என்று சொல்லி அவள் மீண்டும் படுத்தாள். அறுபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் கடந்து அவள் தன் நாட்டைப் பார்த்தபோது கேட்டதும் சொன்னதும் இவ்வளவே.

நிற்க. அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு பயமும் குடிபுகுந்தது. வாசலில் மோட்டார் நின்றால் தந்தையார் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருப்பார். மின்கணக்குப் பார்க்க வந்த பையன் ஒருநாள் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தான். தாயார் நாலு விரிப்புகளை ஒன்றாகத் தூக்கி வீசினாள். தொலைக்காட்சியின் சத்தத்தை மிகக் குறைத்து வைத்தோம். ஏற்கனவே செவி மந்தமான கிழவி ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றினும் மேலாகத் தந்தையார் அஞ்சியது அடுத்த வீட்டு அம்மாளை. தீமிதித் திருவிழாவுக்குப் பணம் கேட்டு அவர் வந்தபோது, கொடுக்க மறுத்ததோடு நில்லாமல், ஆட்டுக்கடாவின் கழுத்தை அறுத்துத் தெய்வத்தைக் குளிர்விக்கும் அறியாமையைப்பற்றி வாசலில் நிற்கவைத்தே கால்மணி நேரம் பிரசங்கம் செய்திருந்தார். அந்த அம்மாளின் கணவர் அவ்வாண்டுதான் இறந்திருந்தார், அவருக்காகவே நேர்த்திக்கடன். இது தந்தையாருக்குப் பின்னர்தான் தெரிந்தது. தெரிந்தபின்னும் சென்று ஒரு வார்த்தை சொன்னாரில்லை. ஆறு ஆண்டுகளாக இரு வீட்டுக்கும் பேச்சில்லை. கொள்கை சரியென்பதனால் சொன்ன முறையும் சரியாகிவிடாதென்று இப்பொழுது எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு அந்நாளில் வயதுமில்லை, துணிவுமில்லை.

நான் இருமிய மறுநாட் காலையில், அந்த அம்மாள் தம் மகளிடம் ஒரு லோட்டா கற்பூரவள்ளிக் கஷாயம் கொடுத்தனுப்பினார். என்னென்று கேட்க வழியில்லை, குடித்தேன். அடுத்த நாளும் வந்தது. அதையும் குடித்தேன்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். ஒருநாள் மாலை தந்தையார் கொல்லையில் வாங்கியின்மேல் கட்டிய குளவிக்கூட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“அண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்க. ஆயாவுக்கும் கேக்கலை, எனக்கும் கேக்கலை.”

தந்தையார் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டார். அந்த அம்மாள் செம்பருத்தியை விலக்கிக்கொண்டு முகங்காட்டி, தம்பிக்கு இருமல் தேவலையா என்று என்னை விசாரித்தார். பிறகு, மிகச் சாதாரணமாக, போன வாரம் பின்சந்தில் யாரோ இரண்டு பேர் நின்று அது என்னவென்று தம்மைக் கேட்டதாகவும், கோழிக்கூண்டுக்கு மூடி என்று தாம் சொல்லி அனுப்பியதாகவும் தெரிவித்தார்.

தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “எனக்காகப் பொய் சொன்னீங்களா?” என்றார்.

“நீங்க மறைச்சீங்க, நான் சொன்னேன். அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார் அந்த அம்மாள்.

அன்றிரவு தந்தையார் திண்ணையிலேயே இருந்தார். சட்டத்திற்கு அஞ்சியதைக்காட்டிலும் இந்தச் சொல்லுக்கு அவர் அதிகமாய் அஞ்சினாரென்று நினைக்கிறேன். காலையில் வெட்டுக்கத்தியை எடுத்துச் செம்பருத்தி வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி வெட்டினார். வெட்டிவிட்டு வேலிக்கு இப்புறம் நின்றபடியே, “தங்கச்சி, அன்னிக்கு நான் பேசினது தப்பு. வீட்டுக்காரர் விஷயம் எனக்குத் தெரியாது” என்றார். அந்த அம்மாள் காதில் விழாததுபோல் கோழிக்குத் தீனி வீசிக்கொண்டிருந்தார். மாலையில் வந்தார். அப்பாயியின் கட்டிலோரம் முக்காலியில் அமர்ந்து, திரையில் பேசுவதையெல்லாம் அவள் காதருகே உரக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் பக்திப்பாட்டு வரும். அவ்வேளையில் தந்தையார் பத்திரிகையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அந்த அம்மாள் பிறகு ஒருநாளும் தீமிதிக்குப் பணம் கேட்டதில்லை, தந்தையாரும் கொடுத்ததில்லை.

1996 ஜனவரியில் இந்நாட்டின் முதற் செயற்கைக்கோளாகிய மீசாட் விண்ணில் ஏவப்பட்டது. சட்டமும் திருத்தப்பட்டது, கூரையில் பொருத்தும் சிறு தட்டும் தமிழ் அலைவரிசையும் மாதக் கட்டணத்தில் கிடைக்கலாயின. பணம் கட்டிய ரசீதைத் தந்தையார் முன்னறைச் சுவரில், எல்லோரும் காண, ஒட்டினார். பெரிய தட்டை இரவில் எடுத்துவிடலாமென்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் பத்து மணிக்கு, தெருவார் பார்க்க, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். ஒருவரும் வியப்படைந்ததாய்த் தெரியவில்லை. மூன்றாம் வீட்டு மலாய்ப் பெரியவர், “கழற்றிவிட்டீரா? நன்றாய்த் தெரிந்துகொண்டிருந்ததே” என்று வருந்தினார். அதன்பிறகே, எட்டு மாதமாக மறைத்து வைத்திருந்தது எங்களிடமிருந்து மட்டுமே என்பது எங்களுக்கு விளங்கிற்று.

சிறு தட்டுக்கு வரும் அலை மிகக் குறுகியது. கனமழையில் நீர்த்துளிகள் அதைக் குடித்துவிடும். பழைய தட்டு அடைமழையிலும் கலங்காது. ஆகவே இங்கே மழை கொட்டும்போதெல்லாம் திரை இருண்டுவிட, அப்பாயி, “அங்கிட்டும் மழை போல” என்று சொல்லிக்கொள்வாள். நாங்கள் அவளைத் திருத்தவில்லை. 1998-இல் ஒரு மழைநாளில் இறந்தாள்.

கழற்றிய ஆறு இதழ்களையும் தந்தையார் வீசி எறியவில்லை. வேலியில் வெட்டிய வழிக்கு மேலே, இரு வீட்டுக்கும் பொதுவாக, நாலு கால் நட்டு அவற்றைப் பந்தலாகப் பரப்பி, அடுத்த வீட்டு அம்மாள் கொடுத்த பீர்க்கன் விதையை ஊன்றினார். தந்தையாரும் அந்த அம்மாளும் இப்பொழுது இல்லை. சாயம் உதிர்ந்து இரண்டு இதழ்கள் துருவேறிவிட்டன. பந்தல் இன்னும் நிற்கிறது. எங்கள் பக்கம் காய்ப்பதை நாங்களும் அவர்கள் பக்கம் காய்ப்பதை அந்த அம்மாளின் மகளும் பறித்துக்கொள்கிறோம். நடுவிலே தொங்குவது யாருக்கென்று இன்னும் முடிவாகவில்லை.